குளோரோஃபார்ம் ஏன் முந்திக்கொண்டு கெடுகிறது? கதிர்பட்ட குளோரின் கரைப்பான்கள் பற்றி

கேள்வி, மார்ச் 3

"கார்பன் டெட்ராகுளோரைடில் கார்பன்–குளோரின் பிணைப்பு, குளோரோஃபார்மில் உள்ளதைவிட வலு குறைந்தது. குளோரினும் ஒன்று கூடுதல். அப்படியானால் காமா கதிர் பட்டதும் முதலில் சிதைய வேண்டியது அதுதானே? ஆனால் காற்று பட வைத்தால் குளோரோஃபார்ம்தான் படுவேகமாகக் கெடுகிறது. கணக்கு எங்கே இடிக்கிறது?"

மார்ச் 3, இரவு

பிணைப்பு வலுவிலிருந்து தொடங்குவதில்தான் சிக்கல். கோபால்ட்-60 தரும் காமா கதிரின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஒரு கார்பன்–குளோரின் பிணைப்பை உடைக்க 3 எலக்ட்ரான் வோல்ட் போதும். இவ்வளவு பெரிய கையிருப்போடு வருகிற கதிர், எந்தப் பிணைப்பு மெலிந்தது என்று தேடிப் பார்த்து உடைப்பதில்லை. அது எலக்ட்ரான்களை உதைத்துத் தள்ளுகிறது, அவை வழியில் கண்ட மூலக்கூறுகளை எல்லாம் அயனியாக்கியும் கிளர்த்தியும் போகின்றன. முதல் அடியைப் பொறுத்தவரை இரண்டு திரவங்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு அடிவாங்குகின்றன.

வித்தியாசம் இரண்டாவது அடியில். கார்பன் டெட்ராகுளோரைடில் (சுருக்கமாக டெட்ரா) ஒரு குளோரின் அணு பிரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பக்கத்து டெட்ரா மூலக்கூறிடமிருந்து ஒரு குளோரினைப் பிடுங்க வேண்டுமானால், சுமார் 290 கிலோஜூல் பிணைப்பை உடைத்து 243 கிலோஜூல் பிணைப்பை உருவாக்க வேண்டும். மோலுக்கு 47 கிலோஜூல் நட்டம். அறை வெப்பநிலையில் அது நடக்காது. குளோரோஃபார்மில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் கிட்டத்தட்ட 395 போகும், ஹைட்ரஜன் குளோரைடு உருவாகும்போது 431 வரும். லாபம். உடனே நடக்கும். நடந்ததும் ஒரு டிரைகுளோரோமெத்தில் ராடிக்கல் மிஞ்சுகிறது.

அந்த ராடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரானோடு திரியும் துண்டு, தனி உறுப்பு என்று பாடநூல் சொல்வது) ஆக்சிஜனைச் சந்தித்தால் பெராக்சி ராடிக்கல். அது அடுத்த படியில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகவும் இன்னொரு குளோரின் அணுவாகவும் சிதறும். அந்தக் குளோரின் அணு மறுபடி ஒரு குளோரோஃபார்மைப் பிடிக்கும். சங்கிலி. டெட்ராவில் இந்தச் சங்கிலிக்கு ஒரு கண்ணி இல்லை. அவ்வளவுதான் விஷயம். கதிர் தீக்குச்சி, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் விறகு.

மார்ச் 4

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். டெட்ரா ஒன்றும் ஆகாமல் அப்படியே இருக்கும் என்று படித்துவிட வேண்டாம். காற்றில்லாமல் கதிர் பாய்ச்சினால் ஹெக்சாகுளோரோஈத்தேனும் குளோரினும் கிடைக்கும். இரண்டு டிரைகுளோரோமெத்தில் சேர்ந்தால் முன்னது, இரண்டு குளோரின் அணு சேர்ந்தால் பின்னது. ஆனால் குளோரின் சேரச் சேர, டிரைகுளோரோமெத்தில் அதனோடு மோதி மறுபடி டெட்ராவாகிவிடுகிறது. தன்னைத்தானே ஓரளவு ஒட்டுப்போட்டுக்கொள்ளும் திரவம் அது. ஆக்சிஜன் இருந்தால் டெட்ராவிலும் பாஸ்ஜீன் வரும். ஆனால் உடைந்த ராடிக்கல்களின் எண்ணிக்கையோடு கணக்கு நின்றுவிடும், பெருகாது.

மார்ச் 4, பிற்பகல்

"ஜி மதிப்பு என்றால் என்ன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை ஏற்றுக்கொண்டால் எத்தனை மூலக்கூறு உருவாகிறது அல்லது அழிகிறது என்பது. ஜி 1 என்றால் ஒரு ஜூலுக்கு சுமார் 0.104 மைக்ரோமோல். சங்கிலி இல்லாத வினைகளில் இது ஒற்றை இலக்கத்திலோ பத்தை ஒட்டியோ இருக்கும். கதிரின் அளவைக் காட்டும் ஃபெரஸ் சல்பேட் டோசிமீட்டரின் 15.5 கூட இந்த வகைதான். நூறு, ஆயிரம் என்று பார்த்தால் சங்கிலி ஓடுகிறது என்று சந்தேகியுங்கள்.

மார்ச் 6

இந்த இழையைப் பார்த்ததும் என் பழைய சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, ஒரே புட்டியிலிருந்து குளோரோஃபார்மை இரண்டு குழாய்களில் எடுத்தேன். ஒன்றைக் கோபால்ட் மூலத்துக்கு அருகில் ஒரு நாள் வைத்தேன். மற்றதை இரண்டு மடங்கு தூரத்தில் நான்கு நாள் வைத்தேன். தூரம் இரட்டித்தால் டோஸ் வீதம் (திரவம் கதிராற்றலை ஏற்கும் வேகம்) கால்பங்காகும், நான்கு நாளில் மொத்த டோஸ் சமமாகிவிடும். சமமான டோஸ், சமமான அமிலம் என்று எதிர்பார்த்தேன். இரண்டையும் தண்ணீரோடு குலுக்கி, நீர் அடுக்கைப் பிரித்துக் காரத்தால் தரம்பார்த்தேன். தூரத்துக் குழாயில் இரண்டு மடங்குக்கும் மேல் அமிலம்.

என் கைமேல்தான் முதல் சந்தேகம். பியூரெட்டை மாற்றினேன், காரக் கரைசலைப் புதிதாகத் தயாரித்தேன், மறுபடி தரம்பார்த்தேன். அதே விடை. வழிகாட்டி வந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "சங்கிலி வினையில் மெதுவாகக் கொடுத்தால் அதிகம் கிடைக்கும்."

காரணம் எளிது. ராடிக்கல்கள் ஒன்றையொன்று சந்தித்துத்தான் சங்கிலி அறுகிறது. டோஸ் வீதம் அதிகமானால் ராடிக்கல்கள் நெருக்கமாக இருக்கும், சீக்கிரம் மோதிச் சாகும், ஒவ்வொரு சங்கிலியும் குட்டையாகும். வீதம் குறைந்தால் ஒவ்வொன்றும் நீண்ட தூரம் ஓடும். கணக்கில் ஜி மதிப்பு டோஸ் வீதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். வீதம் கால்பங்கு, ஜி இரு மடங்கு. என் குழாய்களும் ஏறக்குறைய அதையே சொன்னதால் நிம்மதியாக அறிக்கை எழுதிவிட்டேன்.

மார்ச் 7

அந்த நிம்மதி தவறு. நேற்று எழுதி முடித்த பிறகு தூக்கம் வரவில்லை.

முதல் ஓட்டை: ஆக்சிஜன். காற்றோடு சமநிலையில் இருக்கும் குளோரோஃபார்மில் லிட்டருக்கு சுமார் 2 மில்லிமோல் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஜி 100 என்றும், சிதையும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஓர் ஆக்சிஜன் என்றும் வைத்துக் கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 200 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும், அத்தனை ஆக்சிஜனும் தீர்ந்துவிடும். குளோரோஃபார்மின் அடர்த்தி 1.48 என்பதால் அது வெறும் 130 கிரே (கிலோவுக்கு 130 ஜூல்). நான் கொடுத்தது பல கிலோகிரே! அருகில் இருந்த குழாய் ஒரு மணிநேரத்துக்குள்ளேயே மூச்சுத்திணறியிருக்கும். தூரத்துக் குழாய்க்கு நான்கு நாள் அவகாசம், மேலே உள்ள காற்றிலிருந்து ஆக்சிஜன் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். ஆக, நான் அளந்தது சங்கிலியின் நீளமா, ஆக்சிஜன் இறங்கும் வேகமா? என் குழாய்களை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

மார்ச் 7, இரவு

இரண்டாவது ஓட்டை, தரம்பார்த்தலில். தண்ணீரோடு குலுக்கினேன் அல்லவா? பாஸ்ஜீன் தண்ணீரில் உடைந்து கார்பன் டைஆக்சைடும் இரண்டு ஹைட்ரஜன் குளோரைடும் தரும். சங்கிலியில் நேரடியாக வந்த ஒன்று, பாஸ்ஜீனிலிருந்து வந்த இரண்டு. ஒரு குளோரோஃபார்ம் முழுதாகச் சிதைந்தால் பியூரெட்டில் மூன்று அமிலமாகத் தெரியும். நான் ஒன்றுக்கு ஒன்று என்று போட்டு ஜி மதிப்பை மூன்று மடங்குவரை ஊதிவைத்திருக்கிறேன். இரண்டு குழாய்களுக்கும் ஒரே பெருக்கம் என்பதால் விகிதம் தப்பித்தது. ஆனால் அறிக்கையில் எழுதிய எண் தப்பு.

மார்ச் 8

"குளோரோஃபார்மில் எத்தனால் இருந்ததா" என்று கேட்டவருக்கு: இருந்தது. நான் நீக்கவில்லை. கடையில் கிடைக்கும் குளோரோஃபார்மில், கெடாமல் இருக்க நிலைப்படுத்தியாக, 0.5 முதல் 1 சதவீதம் வரை எத்தனாலோ, மிகக் குறைந்த அளவில் அமிலீனோ சேர்த்திருப்பார்கள். எத்தனால் பாஸ்ஜீனைப் பிடித்து எத்தில் குளோரோஃபார்மேட்டாகவும் பிறகு டைஎத்தில் கார்பனேட்டாகவும் மாற்றும். அதுவும் ஹைட்ரஜன் குளோரைடைத் தரும் என்பதைக் கவனியுங்கள். குளோரின் அணுவுக்கும் எத்தனாலின் ஹைட்ரஜன் எளிதான இரை, அதனால் சங்கிலியையும் குட்டையாக்கும். எத்தனால் தீரும்வரை ஒரு வேகம், தீர்ந்த பிறகு வேறு வேகம். என் இரண்டு குழாய்களும் இந்தப் பாதையில் எந்த இடத்தில் இருந்தன என்பது எனக்குத் தெரியாது. கதிர்வீச்சு வேதியியலில் ஒரு குளோரோஃபார்ம் எண்ணைப் பார்த்தால் நான் இப்போது முதலில் தேடுவது மூன்று விவரம்: ஆக்சிஜன் இருந்ததா, நிலைப்படுத்தி நீக்கப்பட்டதா, டோஸ் வீதம் என்ன. மூன்றும் இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

மார்ச் 9

ஒருவர் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டார். குளோரோஃபார்ம் ஏறக்குறைய 245 நானோமீட்டருக்குக் கீழேதான் உறிஞ்சுகிறது, சாதாரணக் கண்ணாடி 300க்குக் கீழே எதையும் உள்ளே விடுவதில்லை. பிறகு ஏன் சன்னலோரத்துப் புட்டி கெடுகிறது?

குளோரோஃபார்ம் உறிஞ்ச வேண்டியதே இல்லை. துளி குளோரினோ, பெராக்சைடோ, வேறு அசுத்தமோ உறிஞ்சினால் போதும். சங்கிலி நீளமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தொடக்கம் எவ்வளவு அற்பமாக இருந்தாலும் முடிவு பெரிதாக வரும். பழுப்புப் புட்டியில் வைப்பதன் நியாயமும் இதுதான். பாஸ்ஜீன் என்ற பெயரே வெளிச்சத்திலிருந்து பிறந்தது என்ற பொருளில் 1812இல் ஜான் டேவி வைத்தது. கார்பன் மோனாக்சைடையும் குளோரினையும் வெயிலில் வைத்து அவர் அதைச் செய்தார்.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

பாதுகாப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் போனால் மனசு கேட்காது. பாஸ்ஜீனுக்குப் புதிதாக வெட்டிய புல்லின் வாசனை என்பார்கள். வாசனை வந்தால் விலகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பணியிட வரம்பு 0.1 பிபிஎம், மூக்குக்குத் தெரிய அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பட்டவுடன் ஒன்றும் தெரியாது, பல மணிநேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். கதிர்பட்ட குழாயை ஃபியூம் ஹூட்டுக்கு (நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) வெளியே திறக்காதீர்கள். பாஸ்ஜீன் காட்டும் தாளைக் குழாயின் வாயருகே பிடித்துப் பாருங்கள். பழைய குளோரோஃபார்மை ஆவியாக்கிச் சுண்ட வைப்பது இன்னும் மோசம்.

மார்ச் 12

"காமா பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லி காமா கதிரால் செய்ததுதானே" என்று ஒரு பதில். இல்லை. பென்சீனோடு ஆறு குளோரின் சேர்ந்த மூலக்கூறு பல வடிவங்களில் வரும். அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று பெயர். பூச்சியைக் கொல்லும் சக்தி காமா வடிவத்துக்கு, அதை முதலில் பிரித்தறிந்த வான் டெர் லிண்டன் பெயரால் லிண்டேன். கதிருக்கும் அந்தக் காமாவுக்கும் உறவில்லை.

ஆனால் கேள்வி முழுக்கத் தப்பில்லை. அந்தக் குளோரின் சேர்ப்பு ஒரு ராடிக்கல் சங்கிலி. 1825இல் ஃபாரடே வெயிலில் செய்தார், தொழிற்சாலையில் புற ஊதா விளக்கில் செய்தார்கள். காமா கதிராலும் தொடங்கிவைக்கலாம். தொடங்கிவைப்பவர் யார் என்பது சங்கிலிக்கு ஒரு பொருட்டே அல்ல.

மார்ச் 13

பென்சீன் பேச்சு வந்ததால் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. டெட்ராவில் கொஞ்சம் பென்சீனைக் கரைத்து மைக்ரோ நொடித் துடிப்பாக எலக்ட்ரான்களைப் பாய்ச்சினால், 490 நானோமீட்டரை ஒட்டி ஓர் உறிஞ்சு பட்டை எழுந்து மறையும். குளோரின் அணு பென்சீன் வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் கூட்டு அது. தனியாகத் திரியும் குளோரின் அணு எந்த ஹைட்ரஜன் கிடைத்தாலும் பாயும். பென்சீனில் உட்கார்ந்தது நிதானமாகத் தேர்ந்தெடுக்கும். 1950களின் பிற்பகுதியில் வேதியியலாளர் ரஸ்ஸல் இதை வினைப்பொருள்களை வைத்தே கண்டுபிடித்தார். 2,3-டைமெத்தில்பியூட்டேன் என்ற ஹைட்ரோகார்பனில் மூன்றாம்நிலை ஹைட்ரஜனுக்கும் முதல்நிலை ஹைட்ரஜனுக்கும் இருந்த விருப்ப விகிதம் சாதாரணமாக சுமார் 4. பென்சீன் கலந்ததும் பலமடங்கு ஏறியது. கரைப்பான் சும்மா வேடிக்கை பார்க்கும் ஆள் இல்லை என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தச் சோதனைதான்.

மார்ச் 15

இதுவரை ராடிக்கல் ராடிக்கல் என்றே பேசி, எலக்ட்ரானை மறந்துவிட்டேன். குளோரின் கரைப்பான்களின் தனிக்குணமே அங்கேதான் இருக்கிறது.

கதிர் உதைத்த எலக்ட்ரான் ஒரு குளோரின் சேர்மத்தில் ஒட்டினால் அந்த மூலக்கூறு உடனே பிளக்கும். ஒரு பக்கம் ராடிக்கல், ஒரு பக்கம் குளோரைடு அயனி. எலக்ட்ரான் திரும்பிப்போய் நேர்மின் அயனியோடு சேர வழியில்லை. அதனால் நேர்மின் துளை (எலக்ட்ரானை இழந்த இடம்) தப்பிப் பிழைத்து, கரைந்திருக்கும் வேறு பொருளுக்குத் தாவி, அதை ராடிக்கல் நேர்மின் அயனியாக்குகிறது. 1960களில் பியூட்டைல் குளோரைடு போன்றவற்றை 77 கெல்வினில் கண்ணாடிபோல் உறையவைத்துக் கதிர் பாய்ச்சி, அதற்குள் சிக்கிய அயனிகளின் நிறமாலையைப் பொறுமையாக எடுத்தார்கள். அறை வெப்பநிலையில் இதே வேலைக்கு 1,2-டைகுளோரோஈத்தேன். நேர்மின் அயனியைப் படிக்க வேண்டுமா, குளோரின் கரைப்பானுக்குப் போங்கள். எதிர்மின் அயனியைப் படிக்க வேண்டுமென்றால் அங்கே போகவே போகாதீர்கள்.

மார்ச் 15, இரவு

இதனால் முதல் நாள் பதிலில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும். "குளோரின் அணு பிரிந்தது" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டு மாதிரி எழுதினேன். உண்மையில் உடைதலின் ஒரு பகுதி அயனி வழியாகத்தான் வருகிறது: எலக்ட்ரான் ஒட்டி ஒரு டிரைகுளோரோமெத்தில், அப்புறம் குளோரைடு அயனியும் நேர்மின் அயனியும் சேரும்போது இன்னொரு சுற்று ராடிக்கல். சங்கிலியின் கதை மாறவில்லை, தொடக்கம் மட்டும் நான் சொன்னதைவிடச் சிக்கலானது.

மார்ச் 18

வழி விலகுகிறேன், ஆனாலும் சொல்ல ஆசை. குளோரின் கரைப்பான் ஒன்று இயற்பியலில் நோபல் பரிசு வரை போயிருக்கிறது. ரேமண்ட் டேவிஸ் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தின் அடியில் சுமார் 3,80,000 லிட்டர் பெர்குளோரோஎத்திலீனைத் தொட்டியில் நிரப்பி வைத்தார். சூரிய நியூட்ரினோ ஒரு குளோரின்-37 அணுக்கருவைத் தாக்கினால் அது ஆர்கான்-37 ஆகும். வாரக்கணக்கில் காத்திருந்து ஹீலியத்தால் துரத்தி அந்தச் சில ஆர்கான் அணுக்களை எண்ணினார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. உடனே எழுந்த சந்தேகம் வேதியியல்காரர்களுடையது: புதிதாகப் பிறந்த ஆர்கான் மூலக்கூறுக்குள்ளேயே எங்காவது மாட்டிக்கொள்கிறதோ? குளோரின்-36 கலந்த பெர்குளோரோஎத்திலீனை வைத்துச் சோதித்தார்கள், அதன் சிதைவில் பிறக்கும் ஆர்கான் ஒழுங்காக வெளியே வந்தது. திரவம் நிரபராதி. நியூட்ரினோக்கள்தான் வழியில் வகை மாறியிருந்தன. டேவிஸுக்கு 2002இல் பரிசு.

அந்தத் திரவமே ஆக்சிஜனும் வெளிச்சமும் கிடைத்தால் நீண்ட சங்கிலியில் டிரைகுளோரோஅசிடைல் குளோரைடாக மாறும். அதில் ஹைட்ரஜன் கிடையாது! முதல் நாள் நான் சொன்ன "ஹைட்ரஜன்தான் விறகு" இங்கே பொருந்தாது. குளோரின் அணு பிடுங்க வேண்டியதில்லை, இரட்டைப் பிணைப்பில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஆக்சிஜன் ஒட்டி, பிறகு குளோரின் அணு வெளியேறி, அடுத்த மூலக்கூறுக்குப் போகிறது. ஆகவே விதியைத் திருத்துகிறேன்: குளோரின் அணுவுக்கு லாபமாகச் செய்ய ஒரு வேலை இருந்தால் சங்கிலி ஓடும். குளோரோஃபார்மில் அந்த வேலை ஹைட்ரஜன், பெர்குளோரோஎத்திலீனில் இரட்டைப் பிணைப்பு. டெட்ராவில் இரண்டுமே இல்லை.

மார்ச் 21

வர்க்கமூல விதிக்குத் திரும்புகிறேன். ஒருவர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது, இரண்டு நாள் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்தேன்.

பெராக்சி ராடிக்கல் நேரடியாக ஒரு குளோரோஃபார்மிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரோபெராக்சைடாகிறது என்றால், சங்கிலியை ஓட்டுவது ஒரு ராடிக்கல், அறுப்பது இரண்டு ராடிக்கல். வர்க்கமூலம் சரியாக வரும். ஆனால் இரண்டு பெராக்சி ராடிக்கல்கள் சந்தித்து, ஆக்சிஜனை விட்டுவிட்டு, இரண்டு ஆக்சி ராடிக்கல்களாகி, அவை பாஸ்ஜீனும் குளோரின் அணுவுமாகச் சிதறும் வழி முதன்மையானது என்றால், ஓட்டுவதும் அறுப்பதும் ஒரே வகைச் சந்திப்பின் இரண்டு முடிவுகள். அப்போது சங்கிலியின் நீளத்துக்கும் டோஸ் வீதத்துக்கும் தொடர்பே இல்லை! எத்தனை சந்திப்பில் ஒன்று மரணம் என்பது மட்டும்தான் நீளத்தைத் தீர்மானிக்கும்.

என் வழிகாட்டியின் ஒற்றை வரி முதல் வழிக்கு உண்மை. இரண்டாவது வழிக்கு இல்லை. ஹைட்ரோபெராக்சைடு உருவாகிறதா என்று அயோடைடு போட்டுப் பார்த்திருந்தால் எவ்வளவு முதல் வழி என்று தெரிந்திருக்கும். கரைந்த குளோரினும் அயோடினை விடுவிக்கும் என்பதால் இரண்டையும் பிரித்து அளக்க வேண்டியிருக்கும், அது வேறு தலைவலி.

மார்ச் 22

பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். இரண்டு விஷயம் கிடைத்தன.

ஒன்று, கதிர் படாத ஒப்பீட்டுக் குழாய் ஒன்றை நான்கு நாள் மேசைமேல் வைத்திருக்கிறேன். அதிலும் கொஞ்சம் அமிலம். சிறியதுதான், ஆனால் கழிக்கவில்லை. தூரத்துக் குழாயிலிருந்து மட்டும் கழிக்க வேண்டிய அளவு அது.

இன்னொன்று நான் அடியோடு மறந்துபோனது. நைட்ரஜன் குமிழ்களை அரை மணிநேரம் ஓட்டிய பிறகு அடைத்த ஒரு ஜோடி. அதே இரண்டு தூரம், அதே ஒரு நாளும் நான்கு நாளும். அமிலம் இரண்டிலும் மிகக் குறைவு, வித்தியாசம் தரம்பார்த்தலின் பிழைக்குள் அடங்கிவிட்டது. பக்கத்தின் ஓரத்தில் "பயனில்லை, மாற்றம் தெரியவில்லை" என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். அறிக்கையில் சேர்க்கவே இல்லை.

மார்ச் 23

அப்படியானால் வித்தியாசம் முழுக்க ஆக்சிஜன் வழியாக வந்தது என்பது உறுதி. சங்கிலி நீண்டதாலா, ஆக்சிஜன் இறங்க நேரம் கிடைத்ததாலா என்பதை அந்த நோட்டு சொல்லாது. இரண்டு தூரத்திலும் ஆக்சிஜனை இடைவிடாமல் குமிழியாக ஓட்டிக்கொண்டே கதிர் பாய்ச்ச வேண்டும். எத்தனாலைத் தண்ணீரால் கழுவி நீக்கி, உலர்த்தி, அன்றைக்கே வடித்த குளோரோஃபார்ம். வெளியேறும் வாயுவைக் காரத்தில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பாஸ்ஜீன் குமிழோடு போய்விடும். டோஸ் சில நூறு கிரேக்கு மேல் போகக்கூடாது. யாருக்காவது காமா அறையும் ஒரு வாரமும் கிடைத்தால் செய்து எண்களை இங்கே போடுங்கள். இரு மடங்கு வந்தால் வழிகாட்டி சொன்னது சரி, சமமாக வந்தால் மார்ச் 21 குறிப்பின் இரண்டாவது வழி.